முதல் அளவு எங்கே?

நமது மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் காலை வேளையில் காத்திருப்போரின் மடியைக் கவனித்தால் ஒரு வேறுபாடு புலப்படும். சிலரது மடியில் ஒரு மஞ்சள் துணிப்பை இருக்கும். மடிப்பு விழுந்த மருந்துச் சீட்டுகள், நிறம் மங்கிய எக்ஸ்ரே படங்கள், பல ஆண்டுகளுக்கு முந்தைய இரத்தப் பரிசோதனை முடிவுகள் யாவும் அதனுள் அடுக்கப்பட்டிருக்கும். வேறு சிலரோ கைபேசியை மட்டும் பிடித்தபடி அமர்ந்திருப்பர். பின்னவர்களே மிகப் பெரும்பான்மையினர். பத்து ஆண்டுகள் உருக்கு ஆலையிலோ வார்ப்படப் பட்டறையிலோ உழைத்தவர்களிடம்கூடத் தங்கள் உடலைப் பற்றிய ஒரு துண்டுத் தாளும் இருப்பதில்லை.

இந்த வேறுபாடு வெறும் ஒழுங்கு சார்ந்ததன்று. சில வேளைகளில் உயிர் சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

ஓர் எடுத்துக்காட்டைக் கூறுகிறேன். நாற்பத்திரண்டு வயதுள்ள ஒரு தொழிலாளி மூச்சிரைப்புடன் வருகிறார் என்று கொள்வோம். அவருக்கு நுரையீரல் செயல்பாட்டுப் பரிசோதனை செய்கிறோம். மூச்சை முழுவதும் இழுத்து, பலம்கொண்ட மட்டும் ஊதும்போது முதல் ஒரு நொடியில் 2.6 லிட்டர் காற்று வெளியேறுகிறது. அவரது வயதுக்கும் உயரத்துக்கும் இது இயல்பின் எல்லைக்குள் அடங்கும் அளவு. 'பெரிதாக ஒன்றுமில்லை' என்று கூறி அனுப்பிவிட ஒரு மருத்துவருக்கு நியாயம் உண்டு.

அதே மனிதரின் மனைவி ஒரு பழைய தாளை எடுத்து நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எட்டு ஆண்டுகளுக்கு முன் வேலையில் சேர்ந்தபோது எடுத்த பரிசோதனை அது. அன்றைய அளவு 3.4 லிட்டர். வயது ஏறுவதால் மட்டும் இந்த அளவு ஆண்டுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் குறையலாம். எட்டு ஆண்டுகளில் கால் லிட்டர் போயிருக்கலாம். இவருக்கோ 0.8 லிட்டர் போயிருக்கிறது. இப்போது அந்த 2.6 என்ற எண் இயல்பானதன்று. அது ஓர் எச்சரிக்கை. மனிதர் அவரே, நுரையீரலும் அதுவே, இன்றைய எண்ணிலும் மாற்றமில்லை. பொருளை மாற்றியது ஒரு பழைய தாள்.

முதல் அளவு என்று நான் கூறுவது இதனைத்தான். இதன் அருமையை எனக்கு மிகத் தெளிவாக உணர்த்தியது மருத்துவ நூல் எதுவும் அன்று. ஒரு கண்ணாடி இழை. அதனைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வாசகர்களின் பொறுமையை வேண்டுகிறேன். இரும்பும் இயந்திரமும் அறிந்த இப்பகுதி மக்களுக்கு அது எளிதில் விளங்கும் என்று நம்புகிறேன்.

வளையும் கண்ணாடி

கண்ணாடி என்றவுடன் உடைவதே நம் நினைவுக்கு வரும். ஆயினும் கண்ணாடியை உருக்கி மிக மெல்லிய இழையாக இழுத்தால் அது நூலைப் போல் வளையும். தொலைபேசிக்கும் இணையத்துக்கும் பயன்படும் ஒளியிழையில் கண்ணாடிப் பகுதியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. அதாவது 125 மைக்ரோமீட்டர். அதனுள் செலுத்தப்படும் ஒளி, வளைவுகளையும் பொருட்படுத்தாமல் மறுமுனையைச் சென்றடையும். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, தம் ஆசிரியர் ஹாப்கின்ஸுடன் இணைந்து, இழைக் கற்றையின் வழியே ஓர் உருவத்தையே கடத்தலாம் என்பதை 1954இல் வெளியிட்டார். வயிற்றின் உட்புறத்தைக் காணும் எண்டோஸ்கோப்பி கருவியில் பல ஆண்டுகள் பயன்பட்டது இந்தக் கண்ணாடி இழைக் கற்றைதான். ஆகவே கண்ணாடி இழைக்கும் மருத்துவமனைக்கும் உள்ள உறவு புதியதன்று.

1978இல் கனடாவில் கென்னத் ஹில் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒன்றைக் கண்டறிந்தனர். சிலவகை ஒளியிழைகளின் மையப் பகுதியில் வலிமையான ஒளி விழுந்தால், அக்கண்ணாடியின் ஒளிவிலகல் எண் நிலையாக மாறிவிடுகிறது. 1989இல் அமெரிக்காவில் ஜெரால்டு மெல்ட்ஸும் உடனிருந்தோரும் புற ஊதாக் கதிரைப் பக்கவாட்டிலிருந்து செலுத்தி, விரும்பிய இடத்தில், விரும்பிய இடைவெளியில் இம்மாற்றத்தை எழுதும் முறையை உருவாக்கினர். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 19,000 நுண்ணிய கீற்றுகள். கண்ணுக்குத் தெரியாத ஓர் அளவுகோலைக் கண்ணாடியின் உள்ளேயே பொறிப்பது போன்றது இது. எக்ஸ் கதிர் படிகங்களில் எதிரொளிக்கும் விதியை 1912இல் வகுத்த லாரன்ஸ் பிராக்கின் பெயரால் இதனை 'பிராக் கீற்றணி' என்பர்.

இதன் செயல்முறை எளிது. இழையின் ஒரு முனையில் பல அலைநீளங்கள் கலந்த ஒளியைச் செலுத்தினால், கீற்றுகளின் இடைவெளிக்குப் பொருந்தும் ஒரேயோர் அலைநீளம் மட்டும் திரும்பி வரும். எஞ்சியவை கடந்து சென்றுவிடும். இழை இழுபட்டால் கீற்றுகளின் இடைவெளி விரியும். திரும்பி வரும் அலைநீளமும் மாறும். அந்த மாற்றத்தைக் கொண்டு இழை எவ்வளவு இழுபட்டது என்பதைக் கணிக்கலாம். இவ்வாறு ஒரு பொருள் தன் நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது அல்லது சுருங்கியது என்பதையே பொறியாளர்கள் 'திரிபு' என்கின்றனர். ஒரு மீட்டர் நீளமுள்ள கம்பி, ஒரு மீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு நீண்டால் அது ஒரு மைக்ரோ திரிபு. அந்த அளவையும் உணரவல்லது இக்கருவி. இதில் மின்சாரம் பாயாது. ஆகவே தீப்பொறி எழாது. காந்தப்புலம் இதனைக் குழப்பாது, ஆகவே எம்.ஆர்.ஐ. அறையினுள்ளும் இது இயங்கும்.

பாலங்களிலும், விமானச் சிறகுகளிலும், குழாய்களிலும் இவ்விழைகள் பதிக்கப்படுகின்றன. கொல்கத்தாவில் உள்ள மத்திய கண்ணாடி மற்றும் பீங்கான் ஆய்வு நிறுவனம் இத்துறையில் ஈடுபட்டுள்ளது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் எஸ். அசோகனின் குழுவினர் இக்கீற்றணியைக் கொண்டு மணிக்கட்டின் நாடித்துடிப்பையும், நிற்கும்போது பாதத்தில் பரவும் அழுத்தத்தையும் அளக்கும் ஆய்வுகளைச் செய்துள்ளனர். இழையில் மட்டுமன்றி, தாளைப் போல் வளையும் மெல்லிய கண்ணாடித் தகடுகளிலும் இத்தகைய கீற்றணிகளை எழுதும் ஆய்வுகள் நடைபெற்று வருகின்றன.

ஒட்டியதும் உள்ளமைத்ததும்

இத்துணை நுட்பமான இக்கருவிக்கு ஒரு குறை உண்டு. 'இந்த இரும்பு எவ்வளவு பாரம் தாங்கிக்கொண்டிருக்கிறது?' என்று அதனிடம் கேட்டால் விடை கூறாது. 'நேற்றைக்கு இன்று எவ்வளவு மாறியிருக்கிறது?' என்று கேட்டால் மட்டுமே கூறும். மாற்றத்தை அளப்பதே அதன் தொழில். எதிலிருந்து மாற்றம் என்பதை நாம்தான் முதலில் குறித்துவைக்க வேண்டும்.

முப்பது ஆண்டுகளாக லாரிகள் ஓடிய ஒரு பாலத்தின் தூணில் இன்று ஓர் உணரியை ஒட்டுவதாகக் கொள்வோம். அந்தப் பாலம் ஏற்கெனவே அடைந்துள்ள தளர்ச்சியை அது அறியாது. ஒட்டப்பட்ட நாளையே அது பூச்சியமாகக் கொள்ளும். முப்பது ஆண்டுச் சுமையும் அதன் கணக்கில் வாராது. மாறாக, கனடாவின் கால்கரி நகரில் 1993இல் பெடிங்டன் டிரெயில் பாலத்தைக் கட்டியபோது, கற்றைகளின் உள்ளேயே இக்கீற்றணிகளை வைத்துக் கட்டினர். இவ்வாறு செய்யப்பட்ட முதற்பாலங்களுள் அதுவும் ஒன்று. பாரம் ஏறும் முன்னரே உள்ளிருந்த உணரிக்கு முதல் நாளின் நிலை தெரியும். பின்னாளில் நேரும் ஒவ்வொரு மாற்றத்தையும் அந்த முதல் நாளோடு ஒப்பிட்டுக் கூற அதனால் இயலும்.

பின்னர் ஒட்டப்பட்ட உணரிக்கும் உடன் கட்டப்பட்ட உணரிக்கும் உள்ள வேறுபாட்டை நான் படித்தபோது, எனக்கு நமது புறநோயாளர் பிரிவே நினைவுக்கு வந்தது. முதன்முறை நோயாளியைச் சந்திக்கும் மருத்துவர், பழைய பாலத்தில் இன்று ஒட்டப்பட்ட உணரியைப் போன்றவர். அவர் எவ்வளவு கற்றவராயினும், அவரது கருவி எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், அவருடைய கணக்கு அன்றுதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய ஆண்டுகளை அவருக்குக் கூறவேண்டியவை இரண்டு மட்டுமே: ஒன்று நோயாளியிடமுள்ள பழைய தாள்கள்; மற்றொன்று உடனிருந்து பார்த்த குடும்பத்தார்.

இதயத்தினுள் ஒரு பூச்சியம்

மருத்துவத்தில் இவ்விழை மிக நேரடியாகப் பயன்படும் இடம் இதயம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நோய்க்கு, கதீட்டர் என்னும் மெல்லிய குழாயைத் தொடைச் சிரையின் வழியே இதயத்துக்குள் செலுத்தி, கோளாறான பகுதிகளைச் சூட்டினால் தழும்பாக்கும் சிகிச்சை உண்டு. குழாயின் நுனி இதயச் சுவரை மெதுவாகத் தொட்டால் தழும்பு முழுமையாக அமையாது, நோய் திரும்பிவரும். மிகுதியாக அழுத்தினால் சுவரில் துளை விழும் ஆபத்து உண்டு. பல ஆண்டுகள் மருத்துவர்கள் தங்கள் விரல் உணர்வையும் திரைப்படத்தையும் மட்டுமே நம்பி இதனைச் செய்துவந்தனர்.

ஜெனீவாவைச் சேர்ந்த எண்டோசென்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'டாக்டிகாத்' என்னும் கதீட்டரின் நுனியில், மூன்று ஒளியிழைகளில் பிராக் கீற்றணிகள் அமைக்கப்பட்டன. நுனி சுவரில் படும்போது அதன் சிறு வளைவு கீற்றணிகளைத் திரிபுறச் செய்யும். எத்தனை கிராம் விசை, எந்தத் திசையில் என்பது திரையில் தோன்றும். 2014இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இதற்கு ஒப்புதல் அளித்தது.

இக்கருவியைப் பயன்படுத்தும் முறையில் ஒரு சிறு செயலை வாசகர்கள் கவனிக்க வேண்டுகிறேன். கதீட்டர் இதய அறைக்குள் நுழைந்தவுடன் மருத்துவர் சுவரைத் தொடுவதில்லை. முதலில் நுனியை எதிலும் படாமல் இரத்தத்தின் நடுவே நிறுத்துகிறார். 'இதுவே பூச்சியம்' என்று கருவிக்குக் குறிக்கிறார். அதன் பின்னரே சிகிச்சை தொடங்குகிறது. அந்தச் சில நொடிச் செயலைத் தவறவிட்டால், பின்னர் திரையில் தோன்றும் ஒவ்வொரு கிராமும் ஐயத்துக்குரியது. உலகின் மிக நுட்பமான கருவிகளுள் ஒன்றுக்கே முதல் அளவு இன்றியமையாததாக இருக்கும்போது, நமது உடலுக்கு அது வேண்டாம் என்று நாம் எண்ணுவது எங்ஙனம் பொருந்தும்?

ஒரே எண், இரு காரணங்கள்

இக்கண்ணாடி இழையிடமிருந்து கற்கவேண்டிய இரண்டாவது பாடமும் உண்டு. இழுத்தால் மட்டுமன்றி, சூடேறினாலும் அதன் அலைநீளம் மாறும். தொலைத்தொடர்பில் பயன்படும் அலைநீளப் பகுதியில், ஒரு மைக்ரோ திரிபுக்கு ஏறத்தாழ 1.2 பிக்கோமீட்டர் மாற்றம். ஒரு டிகிரி வெப்பத்துக்கு ஏறத்தாழ 10 பிக்கோமீட்டர் மாற்றம். அதாவது, வெயிலில் பாலம் ஒரு டிகிரி சூடேறினால், எட்டு மைக்ரோ திரிபு ஏற்பட்டதுபோல் கருவி காட்டும். பாரத்தால் நேர்ந்ததா, வெயிலால் நேர்ந்ததா என்பதை அந்த ஓர் எண் தனித்து நின்று கூறாது. ஆகவே பொறியாளர்கள் அருகிலேயே பாரம் ஏதும் படாத இரண்டாவது கீற்றணியை வைக்கின்றனர். அது வெப்பத்தை மட்டும் உணரும். இரண்டையும் ஒப்பிட்டு வெயிலின் பங்கைக் கழித்துவிடுகின்றனர்.

நமது பகுதியில் இதற்கு இணையான குழப்பம் மார்பு எக்ஸ்ரேயில் நேர்கிறது. மணல் அச்சுகளைக் கையாளும் வார்ப்படப் பட்டறையிலோ கல் உடைக்கும் இடத்திலோ பணியாற்றுவோரின் நுரையீரலில் சிலிக்கா தூசி படிந்து 'சிலிகோசிஸ்' என்னும் நோய் வரக்கூடும். அதன் புள்ளிகள் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில் தோன்றும். காசநோயின் நிழல்களும் பெரும்பாலும் அங்கேயே தோன்றும். சிலிக்கா தூசி காசநோய்க்கு இடமளிக்கவும் செய்யும். ஆகவே இரண்டும் ஒருவரிடமே இருத்தலும் கூடும். இவற்றோடு பீடிப் புகையும் சேர்ந்துகொண்டால், மூச்சிரைப்பு என்ற ஒரே அறிகுறிக்கு மூன்று காரணங்கள் உரிமை கொண்டாடும். காசநோய்க்கான ஆறு மாத மருந்தை உண்டும் இருமல் தீராமல் வருவோரிடம் 'என்ன வேலை செய்தீர்கள்?' என்ற கேள்வியை எவரேனும் முன்னரே கேட்டிருந்தால், பாதை வேறாக இருந்திருக்கும்.

இங்கே இரண்டாவது கீற்றணியின் இடத்தை வகிப்பது பணி வரலாறு. எந்த ஆலை, எந்தப் பிரிவு, எத்தனை ஆண்டுகள், முகக்கவசம் கொடுக்கப்பட்டதா, உடன் வேலை செய்தோருக்கும் இத்தகைய இருமல் உண்டா என்பன போன்ற விவரங்கள் இருந்தால்தான் மருத்துவர் ஒரு காரணத்தைக் கழித்து மற்றொன்றைக் காண இயலும். ஆகவே, வேலையைப் பற்றி மருத்துவர் வினவாவிட்டாலும் தாங்களாகவே கூறிவிடுங்கள். அது நோய்க்குத் தொடர்பற்ற சொந்தக் கதையன்று. பரிசோதனையின் ஒரு பகுதியே அது.

சட்டம் கூறுவதும் நடைமுறையும்

முதல் அளவு என்பது மருத்துவர்களின் விருப்பம் மட்டுமன்று. சட்டமும் அதனைக் கூறுகிறது. 1984இல் போபாலில் நேர்ந்த பேரழிவுக்குப் பின்னர், 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987இல் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டன. அபாயகரமான செயல்முறைகள் உள்ள ஆலையில் ஒரு தொழிலாளியை அத்தகைய பணியில் அமர்த்தும் முன்னர் மருத்துவப் பரிசோதனை செய்யவேண்டும். பணியில் இருக்கும்போதும், பணியை விட்ட பின்னரும், 12 மாதங்களுக்கு மிகாத இடைவெளியில் அதனைத் தொடரவேண்டும். பதிவேடுகளைச் செம்மையாகப் பேணவேண்டும். அவை தொழிலாளியின் பார்வைக்குக் கிடைக்கவேண்டும் என்பன 2025 வரை நடப்பில் இருந்த அப்பிரிவுகளின் சாரம். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்புச் சட்டமும் தொழிலாளர்க்குக் கட்டணமின்றி ஆண்டுப் பரிசோதனை அளிப்பதைக் குறிப்பிடுகிறது.

நடைமுறை வேறாக இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து தேர்வாய்கண்டிகை வரை உள்ள ஆலைகளில் உழைப்போருள் ஒப்பந்தத் தொழிலாளர் பலர். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோரும் அவர்களுள் பலர். ஒப்பந்தக்காரர் மாறும்போது ஆலையும் மாறுகிறது. ஆலை மாறும்போது பரிசோதனைத் தாள் பழைய அலுவலகத்திலேயே தங்கிவிடுகிறது. அல்லது எங்கும் இல்லாமற்போகிறது. புதிய இடத்தில் அவர் மீண்டும் 'புதியவர்'. ஐந்து இடங்களில் ஈராண்டு வீதம் பணியாற்றிய ஒருவரின் பத்தாண்டுத் தூசி எவருடைய கணக்கிலும் ஏறுவதில்லை. பழைய பாலத்தில் நேற்று ஒட்டிய உணரியின் கதையே இதுவும்.

ஆகவே என் கருத்து இது: பணிக்குச் சேரும் முன் எடுக்கப்படும் பரிசோதனையின் ஒரு படி, கேளாமலேயே, தொழிலாளியின் கையில் கொடுக்கப்பட வேண்டும். ஆலையின் கோப்பில் அது இருப்பது மட்டும் போதாது. உடல் அவருடையது, அதன் முதல் அளவும் அவருடைய உடைமையே.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும் என்பதை அறிவேன்.

முதலாவது, தொழிலாளரின் அச்சம். 'பரிசோதனையில் ஏதேனும் தெரிந்தால் வேலை போய்விடும் ஐயா. தெரியாமலே இருப்பது நல்லது' என்று பலர் என்னிடமே கூறியுள்ளனர். இது அறியாமையால் எழும் அச்சம் அன்று. வாடகையும் பள்ளிக் கட்டணமும் அறிந்தவரின் அச்சம். பரிசோதனையை ஆளை வடிகட்டும் சல்லடையாகப் பயன்படுத்துவோர் இருக்கும்வரை இந்த அச்சமும் இருக்கும். ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். அளவை எடுக்காமல் விடுவதால் நுரையீரலில் தூசி படிவது நிற்பதில்லை. அது தூசியால் வந்தது என்று மெய்ப்பிக்கும் வழி மட்டுமே அடைபடுகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, தூசியால் வரும் நுரையீரல் நோய், ஈய நச்சு, இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு ஆகியவற்றைத் தொழில்சார் நோய்களாக ஏற்றிருந்தது. அந்த உரிமையைக் கோரும் நாளில், வேலையில் சேர்ந்தபோது காது நன்றாகக் கேட்டது என்பதற்குச் சான்று எங்கே என்ற கேள்வி எழும். அப்போது விடை கூற வல்லது ஒரு பழைய தாள்தான்.

இரண்டாவது மறுப்பு, கணினியின் பெயரால் எழுவது. 2021இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் கீழ் 14 இலக்க 'ஆபா' எண் வழங்கப்படுகிறது. அதில் பதிவுகள் யாவும் சேர்ந்துவிடும், தாள் எதற்கு என்பர். அது நல்ல ஏற்பாடே, பெற்றுக்கொள்ளுங்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளந்தால், அந்த எண்களையும் குறித்துவையுங்கள். ஆனால் எந்தக் கணினியும் எடுக்கப்படாத அளவைச் சேமித்துத் தராது. முதலில் அளவு எடுக்கப்பட வேண்டும்.

மருத்துவர்களாகிய எங்கள்மீதும் குறை உண்டு என்பதை மறைக்கமாட்டேன். வீடு திரும்பும்போது கொடுக்கும் சுருக்கக் குறிப்பை நாங்கள் எப்போதும் தெளிவாக எழுதுவதில்லை. 'நார்மல்' என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம், எண்ணை எழுதுவதில்லை. 'இயல்பு' என்பது தீர்ப்பு, '3.4 லிட்டர்' என்பது அளவு. எட்டு ஆண்டுகள் கழித்து மற்றொரு மருத்துவருக்குப் பயன்படுவது அளவேயன்றித் தீர்ப்பன்று. ஆகவே 'நார்மல்' என்று நாங்கள் கூறினால், 'எண்ணையும் எழுதித் தாருங்கள்' என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதனை எவரும் குற்றமாகக் கொள்ளமாட்டார். கொண்டால் அது எங்கள் குறை.

உடனிருப்போருக்கு

நோயாளியுடன் வரும் மனைவி, கணவர், மகன், மகள், தாய் ஆகியோருக்கு ஒரு சொல். பாலத்தினுள் வைத்துக் கட்டப்பட்ட உணரியைப் போல், முதல் நாளிலிருந்து உள்ளிருந்து பார்ப்பவர்கள் நீங்கள்தாம். ரயில் நிலைய நடைமேம்பாலத்தை ஒரே மூச்சில் ஏறியவர் எந்த மாதத்திலிருந்து நடுவே நிற்கத் தொடங்கினார், தொலைக்காட்சியின் ஒலியை எப்போதிலிருந்து கூட்டி வைக்கிறார், இரவில் இரண்டு தலையணை வேண்டும் என்று எப்போது கேட்டார் என்பவை எங்கள் கருவிகளுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். 'அவருக்குத்தானே நோய், நான் என்ன சொல்வது?' என்று ஒதுங்கி நிற்காதீர்கள். பல வேளைகளில் நோயாளி தாமே உணராத மாற்றத்தை முதலில் உணர்பவர் அருகிலிருப்பவர். மெல்ல மெல்ல வரும் இழப்புக்கு உடல் பழகிவிடும்; பார்ப்பவரின் கண் அவ்வளவு எளிதில் பழகாது.

செய்யவேண்டியவை மிகுதியல்ல. வீட்டில் ஒரு பையை இதற்கென்றே ஒதுக்குங்கள். வேலையில் சேரும்போது எடுத்த பரிசோதனையின் படியைக் கேட்டு வாங்கி அதில் வையுங்கள். மார்பு எக்ஸ்ரே படத்தை மடிக்காமல், நாளைக் குறித்து வையுங்கள். படமின்றி அறிக்கை மட்டும் போதாது. நுரையீரல் செயல்பாட்டுப் பரிசோதனை, செவித்திறன் பரிசோதனை, ஈயத்தோடு பணியாற்றுவோருக்கு இரத்தத்தில் ஈயத்தின் அளவு ஆகியவற்றின் எண்களைச் சேர்த்து வையுங்கள். பணியாற்றிய ஆலைகளின் பெயர், பிரிவு, சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி, சம்பளச் சீட்டையும் காப்பீட்டு அட்டையின் படியையும் அதனுடன் இணையுங்கள். யாவற்றையும் கைபேசியில் படம் பிடித்து, வீட்டில் மற்றொருவருக்கும் அனுப்பிவையுங்கள். கைபேசி தொலைந்தாலும் அளவு தொலையாது.

பரிசோதனையே எடுக்காமல் இத்தனை ஆண்டுகள் கழிந்துவிட்டனவே என்று வருந்துவோர் இருக்கலாம். பழைய பாலத்தில் இன்று ஒட்டும் உணரியும் வீணன்று. இன்றுமுதல் நேரும் மாற்றத்தை அது காட்டும். இன்று எடுக்கும் அளவு, இதற்கு அடுத்து எடுக்கும் அளவுக்கு முதல் அளவாகும். இருமலோ இரைப்போ இல்லாத நாளிலேயே அதனை எடுத்துக்கொள்வது இன்னும் சிறப்பு. எதிலும் படாமல் நிற்கும்போதுதானே இதயத்தினுள் சென்ற அந்தக் கண்ணாடி இழைக்கும் பூச்சியம் குறிக்கப்படுகிறது.

அடுத்த முறை நமது மருத்துவமனைக்கு வரும்போது, அந்தப் பையை மறவாமல் எடுத்து வாருங்கள். பதிவுச் சீட்டு வாங்கும் இடத்திலேயே அதனைத் திறக்க நேரமில்லாமற்போகலாம். மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும், 'இதுதான் முதலில் எடுத்தது' என்று கூறி, ஆகப் பழைய தாளை மேலே வையுங்கள்.